அறுந்த குதிநாண்

கெண்டைக்கால் சதை முழங்காலுக்குக் கீழே பருமனாகத் தொடங்கி, இறங்க இறங்க மெலிந்து, குதிகால் எலும்பின் பின்புறத்தில் வந்து ஒட்டும்போது சதையே இல்லாத வெள்ளை நாணாகிவிடுகிறது. இதுதான் குதிநாண், மருத்துவர்கள் அக்கிலிஸ் டெண்டன் என்பார்கள். ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள இது, மனித உடலின் தசைநாண்களிலேயே தடித்தது, வலுவானது. மேலாக இருக்கும் காஸ்ட்ராக்னீமியஸ், அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் ஆகிய இரு தசைகளின் இழுப்பும் இதன் வழியாகத்தான் பாதத்துக்குப் போய்ச் சேர்கிறது. நடக்கும்போது குதிகாலைத் தரையிலிருந்து கிளப்புவதும், படியேறும்போது உடலை மேலே தள்ளுவதும், எட்டாததை எடுக்க நுனிக்காலில் நிற்பதும் இதன் வேலைகள். ஓடும்போது உடல் எடையைப் போல 12 மடங்கு வரையிலான இழுவிசை இதன்மேல் விழுகிறது. அதைத் தாங்குவதோடு, நீளும்போது ஆற்றலைச் சேர்த்துவைத்துச் சுருங்கும்போது திருப்பியும் தருகிறது. மனிதக் கால் குறைந்த செலவில் நெடுந்தூரம் போக முடிவதற்கு இந்தச் சேமிப்பு ஒரு முக்கியக் காரணம்.

இத்தனை வலுவான நாண் ஏன் அறுகிறது என்பதற்கான விடையின் ஒரு பகுதி அதன் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. மேலே தசையிலிருந்தும் கீழே எலும்பிலிருந்தும் ரத்தம் கிடைக்கிறது. இரண்டுக்கும் இடையில், குதிகால் எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. உயரத்துக்குள் உள்ள பகுதிக்கு வந்து சேர்வது குறைவு. பெரும்பாலும் நாண் அறுவதும் அங்கேதான். முப்பது வயதைத் தாண்டும்போது கொலாஜன் இழைகளில் நுண்ணிய சிதைவுகள் சேரத் தொடங்குகின்றன. தேய்மானத்தைச் சரிசெய்யும் வேகம் குறைகிறது. பலருக்கு வலியே தெரிவதில்லை. ஆனால் அறுந்த நாணை நுண்ணோக்கியில் பார்த்தால், அறுவதற்கு வெகுநாள் முன்பே அது நைந்திருந்ததற்கான அடையாளங்கள் அனேகமாக எப்போதும் தெரிகின்றன.

மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு. ஃப்ளோரோகுயினலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் தசைநாண்களைப் பலவீனப்படுத்தக்கூடியவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இவற்றின்மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், வயிற்றுப்போக்குக்குப் பலரும் சீட்டில்லாமலே வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஆஃப்ளாக்சசின் மூன்றும் இந்த வகைதான். அறுபதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுகிறது. குதிகால் வலிக்காக நாணுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவது வலியைக் குறைத்தாலும் நாணை நையவைக்கிறது. அதைத் தவிர்ப்பதே நல்லது.

நாண் அறுபவர்களில் ஆண்களே மிகப் பெரும்பான்மை. வயது பெரும்பாலும் 30 முதல் 50க்குள். வாரம் முழுக்க ஓடாமல் இருந்து ஒருநாள் மட்டும் முழுவேகத்தில் ஓடுபவர்கள் இவர்களில் அதிகம். இந்த இடத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரம் கவனத்துக்கு வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிஸானும் அப்போலோ டயர்ஸும் 2010இலும், டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு 2013இலும் இயங்கத் தொடங்கின. அப்போது இருபது, இருபத்திரண்டு வயதில் லைனில் சேர்ந்த பையன்கள் இன்று முப்பதுகளின் நடுவிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள். இந்த வட்டாரத்தின் முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் குதிநாண் அறுகிற வயதுக்குள் வந்துவிட்டார்கள். எட்டு மணி நேரம் கான்கிரீட் தரையில் நின்ற கால், வார விடுமுறை அன்று உடலைச் சூடேற்றிக்கொள்ளாமலே டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் ரன்னுக்குப் பாய்கிறது, வாலிபாலில் எகிறுகிறது, ஷட்டில் கோர்ட்டில் பின்னால் போன கால் சட்டென்று முன்னால் உந்துகிறது. முழங்கால் நீண்டபடி, நுனிப்பாதம் தரையில் ஊன்றியபடி, கெண்டைக்கால் சதை முழுவிசையில் இறுகும் அந்தக் கணத்தில்தான் நாண் அறுகிறது.

அறுந்தவர்கள் சொல்வது வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ‘டப்’பென்று ஒரு சத்தம். பின்னாலிருந்து யாரோ காலில் உதைத்த மாதிரி, அல்லது பந்தால் அடித்த மாதிரி ஓர் உணர்வு. திரும்பிப் பார்த்தால் யாரும் இருப்பதில்லை. வலி சில நிமிடங்களில் பெருமளவு அடங்கிவிடுகிறது. எழுந்து நொண்டியபடி நடக்கவும் முடிகிறது. ஆனால் அந்தக் காலின் நுனியில் நிற்க முடியாது.

தோல் கிழிந்து நாண் வெட்டுப்படுவது வேறு வகை. தகடு, கண்ணாடி போன்ற கூரிய விளிம்புகளால் பணியிடத்திலும், இரு சக்கர வாகனத்தின் சக்கரக் கம்பிக்குள் கால் சிக்குவதால் சாலையிலும் இது நேர்கிறது. இந்திய மருத்துவ இதழ்கள் தொடர்ந்து பதிவுசெய்யும் இன்னொரு காரணம், தரைமட்டக் கழிப்பறை. ஈரத்தில் கால் வழுக்கிப் பீங்கானுக்குள் இறங்கி, உடைந்த விளிம்பு குதிகாலுக்கு மேலே வெட்டிவிடுகிறது. இந்தக் காயங்களில் முதல் வேலை அழுக்கையும் செத்த திசுவையும் நன்றாகக் கழுவி அகற்றுவது. டெட்டனஸ் ஊசியும் நுண்ணுயிர்க்கொல்லியும் கட்டாயம். கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், சிறிய வெட்டாகத் தெரிந்தாலும் தோலை மட்டும் தைத்து அனுப்பிவிடக் கூடாது.

தோல் கிழியாமல் உள்ளே அறுந்த நாணைக் கண்டுபிடிப்பதில்தான் அதிகம் தவறு நேர்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முதல் பரிசோதனையில் இது தெரியாமலே போகிறது. காரணங்கள் எளியவை. எக்ஸ்-ரேயில் எலும்பு நன்றாக இருக்கும். அறுந்த இடத்தின் பள்ளம் சில மணி நேரத்தில் ரத்தமும் வீக்கமும் நிரம்பி மறைந்துவிடும். பாதத்தைக் கீழே அழுத்தச் சொன்னால் நோயாளி அழுத்தியும் காட்டுவார். விரல்களை மடக்கும் தசைகளும் கணுக்காலின் இருபுறத் தசைகளும் அந்த அசைவைத் தந்துவிடுகின்றன. ‘சுளுக்குதான்’ என்று சொல்லி எண்ணெய் நீவுவதும், கிரேப் பேண்டேஜ் சுற்றுவதும், ஆந்திரத்துப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வருவதும் இதற்குப் பிறகு நடக்கின்றன. எலும்பு முறிவில் அந்தக் கட்டின்மேல் மக்களுக்கு நெடுங்கால நம்பிக்கை உண்டு. ஆனால் அறுந்த நாணுக்குப் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தபடி இருந்தால்தான் இரு முனைகளும் நெருங்கும். பாதத்தை நேராக வைத்து எந்தக் கட்டுப் போட்டாலும், மருத்துவமனை மாவுக்கட்டே ஆனாலும், முனைகள் விலகியே இருக்கும். இடைவெளியில் வலுவற்ற தழும்புத் திசு வளரும்.

நாண் அறுந்ததைக் கண்டறிய ஸ்கேன்கூடத் தேவையில்லை. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பாதங்கள் மேசை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விட்டு, கெண்டைக்கால் சதையைக் கையால் பிடித்து அமுக்க வேண்டும். நாண் முழுதாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும், அறுந்திருந்தால் அசையாது. இரண்டு காலிலும் செய்து ஒப்பிட வேண்டும். சிம்மண்ட்ஸ் 1957இலும் தாம்ப்சன் 1962இலும் விவரித்த இந்தச் சோதனை, அறுந்த நாண்களில் 100க்கு 96ஐக் கண்டுபிடித்துவிடுகிறது. அதே நிலையில் முழங்காலை 90 டிகிரி மடக்கச் சொன்னால், நல்ல காலின் பாதம் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கும். நாண் அறுந்த காலின் பாதம் சாய்வை இழந்து தொய்ந்துவிடும். ஆலை முதலுதவி அறையில் இருக்கும் செவிலியரும் இந்த இரண்டையும் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். ஐயம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், நாள்பட்ட காயத்தில் இடைவெளியை அளக்க எம்.ஆர்.ஐ.யும் உதவும். மருத்துவமனைக்குப் போகும்வரை செய்ய வேண்டியது, அந்தக் காலை ஊன்றாமல் வைத்து, நுனிப்பாதம் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு தாங்கு கட்டி, துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுப்பது.

இந்தக் காயத்தை மருத்துவ உலகம் அறிந்து நெடுங்காலமாகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே 16ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்தார். ஃபிளெமிஷ் உடற்கூற்றியலாளர் பிலிப் ஃபெர்ஹேயன் 1693இல் வெளியிட்ட நூலில் கிரேக்க வீரன் அக்கிலிஸின் பெயர் இந்த நாணுக்கு வந்தது. எப்படிக் குணப்படுத்துவது என்ற விவாதம் மட்டும் இன்றுவரை முடியவில்லை. தைப்பதா, தைக்காமல் பாதத்தைச் சாய்த்துக் கட்டி ஆறவிடுவதா?

நார்வேயில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான எண்களைத் தந்தது. 526 நோயாளிகளின் முடிவுகளை ஒப்பிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு அறுவை இல்லை, மற்றொரு பிரிவினருக்குத் திறந்த அறுவை, மூன்றாம் பிரிவினருக்குச் சிறுதுளை அறுவை. ஓராண்டு முடிவில் காலின் செயல்திறனில் மூன்று பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அறுவை செய்யாதவர்களில் 6.2 விழுக்காட்டினருக்கு நாண் மறுபடி அறுந்தது; அறுவை செய்த இரு பிரிவிலும் 0.6 விழுக்காட்டினருக்கே அப்படி நேர்ந்தது. மறுபுறம், நரம்பு பாதிப்பு அறுவை இல்லாதவர்களில் 0.6, திறந்த அறுவையில் 2.8, சிறுதுளை அறுவையில் 5.2 விழுக்காடு. ஆக, அறுவை மறு அறுதலைத் தடுக்கிறது, அதற்கு ஈடாக வேறு சில ஆபத்துகளைக் கொண்டுவருகிறது. கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவர், புகைப்பவர், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர் ஆகியோருக்குத் தையல் ஆறாமல் போகும் அச்சம் பெரிது; அவர்களுக்கு அறுவையில்லாத வழியே பொருத்தம். அந்த வழிக்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. காயம் பட்ட சில நாட்களுக்குள் பாதம் சாய்வு நிலைக்கு வந்துவிட வேண்டும், பிறகு வாரந்தோறும் மருத்துவர் பார்வையில் இருக்க வேண்டும். மூன்று ஷிஃப்டில் மாறி மாறி வேலை, தங்குவது வாடகை அறை, சொந்த ஊரோ தென் மாவட்டம் என்று இருக்கும் ஒருவருக்கு இந்த இரண்டாவது நிபந்தனை எளிதல்ல. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது மருத்துவர் இதையும் கேட்டறிய வேண்டும்.

அறுவை என்று முடிவானால், வீக்கம் ஓரளவு வடிந்ததும், பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் செய்வது நல்லது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்கிறார்கள். ரத்தம் தேங்காமலிருக்கத் தொடையில் காற்றுப் பட்டை இறுக்கப்படுகிறது. தோலைக் கீறுவது நாணின் நேர் நடுவில் அல்ல, சற்று உட்பக்கமாக. வெளிப்பக்கத்தில் சூரல் நரம்பு ஓடுகிறது. அது வெட்டுப்பட்டால் பாதத்தின் வெளி விளிம்பு மரத்துப்போகும். தோலுக்கு அடியில் நாணைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையைக் கவனமாகப் பிரித்தால், உள்ளே உறைந்த ரத்தத்துக்கு நடுவில் இரு முனைகளும் தெரியும். கத்தியால் வெட்டியது போன்ற சுத்தமான விளிம்பு அங்கே இருக்காது. பழைய கிணற்றுத் தேங்காய்நார்க் கயிறு இற்று அறுந்தால் எப்படிப் பிரிபிரியாகத் தொங்குமோ அப்படித்தான் இருக்கும். இந்தப் பிரிகளைத் தையல் பிடிக்காது. அதனால் நைந்த பகுதியைத் தாண்டி, நல்ல நாணின் இரு ஓரங்களிலும் பூட்டுக் கண்ணிகளாகத் தையல் போட்டுக்கொண்டே போவார்கள். அமெரிக்க மருத்துவர் கென்னத் கிராக்கோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1986இல் வெளியிட்ட முறை இது. மேல்முனையிலிருந்து வரும் நூல்களையும் கீழ்முனையிலிருந்து வரும் நூல்களையும் சேர்த்து இறுக்கி முடிச்சிடுகிறார்கள். நூல் கரையாத வகை, மிக வலுவானது.

முடிச்சை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் அறுவை மருத்துவரின் திறமை வெளிப்படுகிறது. அனுபவமுள்ளவர்கள் நல்ல காலையும் சுத்தப்படுத்தி அருகிலேயே வைத்துக்கொள்வார்கள். இரு முழங்காலையும் மடக்கிப் பார்த்து, இரு பாதங்களும் ஒரே அளவு சாயும்வரை இழுப்பைச் சரிசெய்வார்கள். நாண் ஒரு செ.மீ. நீண்டு ஆறினாலும் கெண்டைக்கால் சதை தொய்ந்துபோய்த் தன் வலுவில் ஒரு பங்கை நிரந்தரமாக இழந்துவிடும். பிற்பாடு எந்தப் பயிற்சியாலும் அதை முழுதாக மீட்க முடியாது. கடைசியில் உறையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் மூடுகிறார்கள். குதிகாலுக்கு மேலே உள்ள தோல் மெல்லியது, அடியில் சதையில்லாதது. இந்த அறுவையின் பெரும்பாலான தொல்லைகள் நாணில் வருவதில்லை, தோலில்தான் வருகின்றன: விளிம்பு கறுத்துப்போவது, தையல் பிரிவது, சீழ் பிடிப்பது.

சிறுதுளை முறையை மா, கிரிஃபித் என்ற இருவர் 1977இல் அறிமுகப்படுத்தினர். தோலில் சில சிறிய துளைகள் வழியாகவே ஊசி போய் வருகிறது. புண் சீக்கிரம் ஆறும், தொற்று குறைவு. ஆனால் சூரல் நரம்பைக் கண்ணால் பார்க்காமல் தைப்பதால் அது சிக்கிக்கொள்ளலாம். நார்வே எண்கள் காட்டுவது இதைத்தான்.

நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மேல் கண்டறியப்படாமல் போன நாணை நாள்பட்டது என்கிறார்கள். அதற்குள் தசை சுருங்கி மேல்முனையை இழுத்துக்கொண்டு போயிருக்கும். இடைவெளி இரண்டு, மூன்று செ.மீ.க்குள் இருந்தால் நேரடியாக இணைக்க முயலலாம். அதற்கு மேல், ஐந்து செ.மீ. அளவு வரை என்றால், தசை நாணாக மாறும் இடத்தில் ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி, ‘ஒய்’ வடிவில் தைத்து நீளத்தை எட்டவைப்பார்கள். இன்னும் பெரிய இடைவெளியில், கால் பெருவிரலை மடக்கும் தசைநாணைக் கழற்றி, குதிகால் எலும்பில் துளையிட்டுத் திருகால் பொருத்துவார்கள். அந்தத் தசைக்குச் சொந்தமான ரத்த ஓட்டம் உண்டு, கெண்டைக்கால் சதை வேலை செய்யும் அதே கணத்தில் அதுவும் வேலை செய்கிறது என்பதால் நன்றாகவே ஈடுகொடுக்கிறது. பெருவிரலின் பிடி சற்றுக் குறையும். முதல் வாரத்தில் ஒரு நிமிடச் சோதனை செய்திருந்தால் தேவைப்பட்டிருக்காத பெரிய அறுவை இது.

தைத்த நூல் நாணை ஆற்றுவதில்லை. முனைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது மட்டுமே அதன் வேலை. ஆற்றுவது உடல், அது தன் வேகத்தில்தான் போகும். முதல் வாரம் அழற்சிக் காலம்: ரத்தம் உறைந்த இடத்துக்குத் துப்புரவுச் செல்கள் வருகின்றன. அடுத்த ஐந்தாறு வாரங்களில் நார்ச்செல்கள் மூன்றாம் வகைக் கொலாஜனை அவசரமாக நெய்கின்றன. இது மெல்லியது, இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். பிறகு மாதக்கணக்கில், ஓராண்டையும் தாண்டி, வலுவான முதல் வகைக் கொலாஜன் அதன் இடத்துக்கு வருகிறது. இழைகள் இழுவிசையின் திசையில் அடுக்கப்படுகின்றன. அந்தத் திசையைச் செல்களுக்குக் காட்டுவது அளவான சுமைதான். அதனால்தான் முன்பு போல ஆறு, எட்டு வாரம் மாவுக்கட்டிலேயே அசையாமல் வைக்கும் வழக்கம் கைவிடப்பட்டு வருகிறது. பிரிட்டனில் 540 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், அறுவை செய்யாதவர்களுக்கு மாவுக்கட்டுக்குப் பதிலாக நடக்கும் பூட் போட்டு உடனே ஊன்றி நடக்கவிட்டபோதும் பலன் மாவுக்கட்டுக்குக் குறைவாக இல்லை.

முதல் இரண்டு வாரம் பாதம் கீழே சாய்ந்தபடி கட்டுக்குள் இருக்கும். காலை உயர்த்தி வைக்க வேண்டும். கெண்டைக்காலில் புது வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் ரத்தக்கட்டி உருவாகியிருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டாம் வாரம் தையல் பிரித்ததும் குதிகாலுக்கு அடியில் ஆப்புகள் வைத்த பூட்டுக்கு மாறி, ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கலாம். ஆப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பாதம் நேர்நிலைக்கு வருகிறது. இந்தக் காலத்தில் பாதத்தை நேர்நிலையைத் தாண்டி மேல்நோக்கி மடக்கவே கூடாது. தரையில் குந்துவது அதைத்தான் செய்கிறது. குந்தும்போது கணுக்கால் முழுதாக மடங்கி, பிஞ்சு நாண் நீண்டுவிடும். வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தரைமட்டக் கழிப்பறை மட்டுமே இருப்பவர்கள் அதன்மேல் வைக்கும் கழிப்பறை நாற்காலி ஒன்றை வாங்கிக்கொள்வது நல்ல நூல் போட்டுத் தைத்ததற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. மறு அறுதலுக்கு வாய்ப்பு மிகுந்ததும் முதல் 12 வாரங்களில்தான். பூட் இல்லாமல் இரவில் எழுந்து குளியலறைக்குப் போகும் நாலு எட்டுகூட ஆபத்தானது.

மூன்றாம் மாதத்திலிருந்து பிசியோதெரபிஸ்ட்டின் பங்கு பெரிதாகிறது. உட்கார்ந்தபடி குதிகாலை உயர்த்துவது, பிறகு நின்று இரு காலாலும் உயர்த்துவது, கடைசியில் அறுந்த கால் ஒன்றால் மட்டும் உயர்த்துவது என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒற்றைக் காலில் உயர்த்த முடிவதற்குப் பெரும்பாலோருக்கு ஐந்தாறு மாதமாகிறது. இரு சக்கர வாகனத்தில் பிரேக் வலது காலில், கியர் இடது காலில்; எந்தக் காலானாலும் பூட் கழன்று, சட்டென்று அழுத்தும் வலு வரும்வரை ஓட்டக் கூடாது.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மூன்று முதல் ஆறு வாரத்தில் திரும்பலாம். லைனில் நின்று செய்யும் வேலை, படியேறி இறங்கும் பராமரிப்புப் பணி, சுமை தூக்கல் ஆகியவற்றுக்கு மூன்று முதல் ஆறு மாதம். திரும்பும்போது சேஃப்டி ஷூவின் பின்விளிம்பு தழும்பின்மேல் உரசாமலிருக்க மெத்தை வைக்க வேண்டும். குதிகாலுக்குச் சிறு உயரம் கொடுத்தால் நாணுக்குச் சுமை குறையும். முதல் வாரங்களில் லைட் டியூட்டி கிடைப்பது சலுகை அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

இந்தக் கணக்கும் காப்பீட்டுக் கணக்கும் ஒத்துப்போவதில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கான ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் அறுவையும் மருந்தும் இலவசம். நிரந்தரத் தொழிலாளிக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இதில் வேறுபாடில்லை. ஆனால் விடுமுறை நாளில் மைதானத்தில் அறுந்த நாணுக்குக் கிடைப்பது நோய்க்கால உதவித்தொகை: சராசரிக் கூலியில் 70 விழுக்காடு, ஓராண்டில் அதிகபட்சம் 91 நாள். வேலையில் அறுந்திருந்தால் தற்காலிக ஊனத்துக்கான உதவித்தொகை 90 விழுக்காடு. வேலை செய்ய முடியாத காலம் முழுவதும் அது தொடரும். வேலைக்குப் போய்வரும் வழியில் நேர்ந்த விபத்தும், பணியோடு தொடர்பு நிறுவப்பட்டால், இந்த இரண்டாவது வகையில் சேரும். அதனால் எந்த நேரத்தில், எந்த இடத்தில் காயம் பட்டது என்பதை விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதவைப்பது முக்கியம். பயிற்சியாளர் சட்டத்தின்கீழ் அப்ரண்டிஸாக இருப்பவர்கள் ஈ.எஸ்.ஐ.க்குள் வருவதில்லை, பணியில் காயம்பட்டால் தொழிலாளர் இழப்பீட்டு விதிகளையே அவர்கள் நாட வேண்டும். 91 நாள் என்பது 13 வாரம். நின்று வேலை செய்பவரின் நாண் அப்போதுதான் பயிற்சிக்கே தயாராகியிருக்கும். பணம் நின்றுவிட்டதே என்று அந்த வாரம் லைனுக்குத் திரும்புபவர், ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்த இன்னும் இரண்டு மாதம் இருக்கும் நிலையில் திரும்புகிறார். அவருக்கு உட்கார்ந்த வேலை கிடைக்குமா என்பதை ஆலை நிர்வாகமும் சிகிச்சை தந்த மருத்துவரும் அதற்கு முன்பே பேசி முடிவுசெய்திருக்க வேண்டும்.

விளையாட்டுக்குத் திரும்புவது இன்னும் தள்ளிப்போகும். மெதுவோட்டம் நான்கைந்து மாதத்துக்குப் பிறகு. பாய்வதும் திரும்புவதும் உள்ள கிரிக்கெட், ஷட்டில், கபடி ஆகியவை ஒன்பது முதல் 12 மாதத்தில். 2013 ஏப்ரலில் நாண் அறுந்த அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் எட்டு மாதத்தில் களத்துக்கு வந்தார். இந்திய வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமிக்கு 2024 பிப்ரவரியில் லண்டனில் குதிநாணில் அறுவை நடந்தது. அவர் மறுபடி போட்டியில் பந்து வீசியது அந்த ஆண்டு நவம்பரில். உலகின் மிகச் சிறந்த சிகிச்சையும் தனிப் பயிற்சியாளரும் இருந்தவர்களுக்கே இவ்வளவு காலம் ஆனது. நாள்காட்டியைப் பார்த்து முடிவுசெய்வதைவிட அளந்து பார்ப்பது மேல்: இரு கெண்டைக்காலின் சுற்றளவு, ஒற்றைக் காலில் குதிகால் எழும் உயரம், எத்தனை முறை எழுகிறது என்பதை நல்ல காலோடு ஒப்பிட வேண்டும். நல்ல காலின் அளவில் பத்தில் ஒன்பது பங்கு எட்டினால் பாய்ந்து விளையாடத் தொடங்கலாம். பலருக்கு ஓராண்டுக்குப் பிறகும் பத்து முதல் முப்பது விழுக்காடு வரை வலு குறைந்தே இருக்கும். ஒரு பக்கம் அறுந்தவருக்கு மறுபக்க நாணும் அறுவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், குதிகால் உயர்த்தும் பயிற்சியை இரு காலுக்கும் தொடர்ந்து செய்துவர வேண்டும்.